25 ஓம்: செங்கல்பட்டில் ஒரு பழைய ஈதர்நெட்

போன மாதம் வீடு மாற்றும்போது பழைய ஸ்க்ரூ டப்பா ஒன்றைத் தரையில் கொட்டிப் பார்த்தேன். திருகாணிகள், ஃப்யூஸ், உப்புப் பூத்த பேட்டரி. நடுவே விரல்நுனி அளவில் ஓர் உலோக மூடி, விளிம்பில் பச்சைக் களிம்பு. பையன் எடுத்துப் பார்த்துவிட்டு, "சைக்கிள் வால்வு மூடியாப்பா?" என்றான். மல்டிமீட்டரை எடுத்து, ஒரு முனையை நடு ஊசியிலும் இன்னொன்றை வெளிக்கூட்டிலும் வைத்தேன். 50.2 ஓம். இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

அது ஒரு பிஎன்சி டெர்மினேட்டர். 80களிலும் 90களிலும் ஈதர்நெட் நெட்வொர்க் என்றால் அறையைச் சுற்றி ஓடும் ஒரே ஒரு கோஆக்சியல் கேபிள். அந்தக் கேபிளின் இரண்டு முனைகளிலும் இப்படி ஒரு மூடி இருக்கணும். உள்ளே 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, வேறெதுவும் இல்லை. ஆனால் இரண்டில் ஒன்று கழன்றாலும் அறையில் உள்ள எந்தக் கம்ப்யூட்டரும் இன்னொன்றோடு பேச முடியாது.

இந்தக் கேபிள் ஏன் வழக்கொழிந்தது என்று கேட்டால், "ஸ்லோ, அதான்" என்பார்கள் பலரும். அதை மாற்றிய முறுக்குக் கம்பி ஈதர்நெட்டும் தொடக்கத்தில் அதே 10 மெகாபிட் வேகம்தான். என் கணிப்பில் வேறு காரணம் உண்டு. கோளாறு வந்தால் அது எங்கே என்று இந்தக் கேபிள் சொல்லாது. அது சொல்லாதபோது மனிதர்கள் யாரையாவது கை காட்டுவார்கள். அப்படிக் கை காட்டப்பட்ட ஒருவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதற்குமுன் கொஞ்சம் வரலாறு.

கேபிள் டிவி சாமானில் பிறந்தது

1973 மே 22 அன்று, கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்கால்ஃப் ஒரு குறிப்பு எழுதினார். ஹவாய்த் தீவுகளில் அலோஹா என்ற வானொலி நெட்வொர்க் அப்போதே ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஒரே அலைவரிசையில் பேசுவார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் செய்தி கெடும், கொஞ்சம் பொறுத்துத் திரும்ப அனுப்புவார்கள். இதையே வானத்தில் இல்லாமல் ஒரு கேபிளுக்குள் செய்யலாம் என்பதுதான் மெட்கால்ஃபின் யோசனை. ஒளி பரவ 'ஈதர்' என்றொரு ஊடகம் உண்டு என்று 19-ஆம் நூற்றாண்டில் நம்பினார்களே, அந்தப் பெயரையே இதற்கு வைத்தார்.

அவரும் டேவிட் பாக்ஸும் 1976-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கேபிளில் கிளை எடுப்பதற்கு, கடையில் கிடைக்கும் கேபிள் டிவி டாப்களையும் கனெக்டர்களையுமே பயன்படுத்தினார்களாம். 90களில் நம் தெருவில் மாடிக்கு மாடி ஒயர் இழுத்த கேபிள் டிவி அண்ணனின் பையில் இருந்த சாமான்களுக்குச் சொந்தக்கார வகைதான்.

1980-இல் டெக், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து இதைத் தரப்படுத்தின. வேகம் 10 மெகாபிட். தடிமனான 50 ஓம் கேபிள், ஒரு துண்டு 500 மீட்டர் வரை, அதில் 100 இணைப்புகள் வரை. கேபிள்மேல் 2.5 மீட்டருக்கு ஒரு குறி இருக்கும். அந்தக் குறியில்தான் துளை போட்டு ஊசி இறக்கி இணைக்கணும். வளைக்கவும் கஷ்டம், விலையும் அதிகம்.

1982-இல், மெட்கால்ஃப் தொடங்கிய 3காம் நிறுவனம் பிசிக்கான ஈதர்லிங்க் கார்டைக் கொண்டுவந்தது. அந்த வழியில் மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் பரவி, 10பேஸ்2 என்ற பெயரில் தரமானது. 'சீப்பர்நெட்' என்பது செல்லப்பெயர். ஒரு துண்டு 185 மீட்டர் வரை, 30 கம்ப்யூட்டர் வரை. ஒவ்வொரு கார்டின் முதுகிலும் ஆங்கில டி எழுத்து வடிவில் ஒரு கனெக்டர். இடப்பக்கம் ஒரு கேபிள் வரும், வலப்பக்கம் அடுத்தது போகும். முதல் டி-யிலும் கடைசி டி-யிலும் மட்டும் கேபிளுக்குப் பதிலாக டெர்மினேட்டர். செருகிக் கால் சுற்று திருகினால் பூட்டிக்கொள்ளும் இந்த பிஎன்சி கனெக்டரின் பெயரில் உள்ள என்-னும் சி-யும் பால் நீல், கார்ல் கான்செல்மன் என்ற இரண்டு பொறியாளர்கள். பி என்பது பேயனெட், அந்தக் கால் சுற்றுப் பூட்டு.

கரையில் அலை

இந்த மூடி எதற்கு? மாமல்லபுரம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். மணல் சரிவாக ஏறும் இடத்தில் அலை ஓடி வந்து, மெலிந்து, மணலிலேயே அடங்கிவிடும். கடற்கரைக் கோயிலைக் காக்கக் கொட்டி வைத்திருக்கிற பாறைக்குவியலிலும் தண்ணீர் இடுக்குகளில் புகுந்து சிதறி, பெரும்பகுதி சக்தியை இழக்கும். அதே அலை செங்குத்தான சுவர் ஒன்றில் மோதினால் அப்படியே திரும்பும். திரும்புகிற அலையும் வருகிற அலையும் ஏறிக்கொண்டு தண்ணீர் குழம்பும்.

கேபிளிலும் மின்துடிப்பு அலைதான். ஆர்ஜி-58-இல் அது நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 10 மெகாபிட் வேகத்தில் ஒரு பிட் நீடிப்பது 100 நானோசெகண்ட். அதாவது கேபிளுக்குள் ஒரு பிட் சுமார் 20 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும். 185 மீட்டர் கேபிளுக்குள் ஒரு நேரத்தில் ஒன்பது பிட்தான் இருக்கும். முனை திறந்திருந்தால் அது சுவர். முதல் பிட் மோதித் திரும்பி, பின்னால் வருகிற பிட்களின்மேல் ஏறும். முனையில் கேபிளின் குணத்துக்குச் சமமான 50 ஓம் இருந்தால் அது மணல்சரிவு. அலையைப் பொறுத்தவரை கேபிள் முடியவே இல்லை, இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. வந்ததெல்லாம் வெப்பமாக அடங்கிவிடும்.

எவ்வளவு திரும்பும் என்பதற்கு எளிய கணக்கு: வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுக்கணும். 50 ஓம் கேபிளோடு 75 ஓம் டிவி கேபிளை ஒட்டுப்போட்டால் 25-ஐ 125-ஆல் வகுக்க, 20 சதவீதம். திறந்த முனை என்றால் முழுசும். இந்த மாதிரிக் கணக்குகளுக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ஆலிவர் ஹெவிசைட். கல்லூரிக்கே போகாத தந்திக்காரர். கோஆக்சியல் கேபிளுக்கு 1880-இலேயே காப்புரிமை வாங்கியவர்.

டெர்மினேட்டர் இல்லாவிட்டால் எதிரொலி மட்டும் பிரச்சினை இல்லை. இன்னொன்றும் நடக்கும், அதுதான் இந்தப் பதிவுக்கு முக்கியம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்களா என்று கார்டு எப்படித் தெரிந்துகொள்கிறது? கேபிளில் உள்ள சராசரி மின்னழுத்தத்தைப் பார்த்து. பேசும் ஒவ்வொரு கார்டும் சுமார் 40 மில்லிஆம்ப் கரண்டைக் கேபிளில் செலுத்தும். இரண்டு முனையிலும் உள்ள 50 ஓம்கள் இணையாகச் சேர்ந்தால் 25 ஓம். ஆகவே ஒருவர் பேசினால் சுமார் 1 வோல்ட் (எதிர்த் திசையில்). இரண்டு பேர் பேசினால் 2 வோல்ட். நடுவில் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டினால் மோதல் என்று கார்டு எடுத்துக்கொள்ளும்.

இப்போது ஒரு டெர்மினேட்டரைக் கழற்றிவிடுங்கள். 25 ஓம் 50 ஆகிவிடும். ஒரே ஒரு கார்டு பேசினாலும் 2 வோல்ட் வரும். அறையில் வேறு யாருமே வாயைத் திறக்கவில்லை, ஆனால் பேசுகிற கார்டுக்கு யாரோ குறுக்கே பேசுவதாகத் தோன்றும். நிறுத்தும், பொறுக்கும், திரும்ப முயலும். 16 முறை முயன்று கைவிடும். எல்லாக் கார்டுகளும் இல்லாத இன்னொருவரின்மேல் பழி போட்டுக்கொண்டிருக்கும்.

மாவட்டம் பிரிந்த வருஷம்

இந்திய நெட்வொர்க் வரலாறு என்று தேடினால் இரண்டு வருஷங்கள் உடனே வரும். 1986, எர்நெட்: மின்னணுத் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து எட்டு நிறுவனங்களை இணைக்கத் தொடங்கிய திட்டம், அதில் நம்ம சென்னை ஐஐடியும் ஒன்று. அப்புறம் 1995 ஆகஸ்ட் 15, விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்த நாள். இரண்டும் ஊருக்கு ஊர் போன தொடர்பின் கதை. ஓர் அறைக்குள் மேசைக்கடியில் ஓடிய கேபிளின் கதையை யாரும் எழுதவில்லை. என் தலைமுறையில் பலரும் 'நெட்வொர்க்' என்ற சொல்லைக் கற்றது அந்தக் கேபிளில்தான்.

நான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தது 1997-இல். அந்த ஜூலை 1 அன்றுதான் பழைய செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்து, செங்கல்பட்டு என்ற பெயரே மாவட்டப் பட்டியலிலிருந்து காணாமல் போனது. (2019 நவம்பர் 29-இல் திரும்ப வந்தது.) தினமும் தாம்பரத்திலிருந்து ரயில், கொளவாய் ஏரியைப் பார்த்ததும் பையை எடுத்து மாட்டிக்கொள்வோம்.

எங்கள் லேபில் இருபது கம்ப்யூட்டர்கள், ஒரு நாவல் நெட்வேர் சர்வர். பாதி மெஷினில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. கார்டில் உள்ள பூட் ரோம் சர்வரிலிருந்தே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே கேபிள் போச்சு என்றால் மெஷினே போச்சு.

இதையெல்லாம் கட்டிக் காத்தவர் லேப் அட்டெண்டர். எங்களுக்கு 'அண்ணா'. ஐடிஐ படித்தவர். டெர்மினேட்டர் கேட்டு எழுதிப்போட்டால் வந்துசேர மாதக்கணக்காகும் என்பதால், ரிச்சி தெருவில் பிஎன்சி பிளக் வாங்கி, உள்ளே இரண்டு 100 ஓம் ரெசிஸ்டரை இணையாக வைத்துப் பற்றவைப்பார். சரியாக 50. "கடையில 47 ஓம் ஈசியா கெடைக்குமேண்ணா" என்று ஒருமுறை கேட்டேன். "கெடைக்கும். ஏன் கொறச்சலா வைக்கணும்?" என்றார். பல வருஷம் கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 47 வைத்தால் 3 சதவீதம் திரும்பும். வேலை நடக்கும்தான். அவர் அதையும் விடவில்லை.

பாதி பாதியாக

1999, மூன்றாம் வருஷம். யுனிவர்சிட்டி பிராக்டிகல். வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் உட்கார்ந்திருக்கிறார். காலை ஒன்பதரைக்கு லேபைத் திறந்தால் ஒரு மெஷினும் சர்வரைக் காணவில்லை. எல்லாத் திரையிலும் ஒரே பிழைச் செய்தி.

உடனே விசாரணை. முந்தின நாள் சாயங்காலம் யார் கேம் ஆடியது? யார் ஃப்ளாப்பி போட்டு வைரஸ் விட்டது? மூன்றாவது வரிசையில் யார் காலை நீட்டிக் கேபிளை மிதித்தது? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பெயர் சொல்ல ஆள் இருந்தது. கேபிள் மட்டும் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் எல்லா விரலும் அண்ணாவின் பக்கம் திரும்பியது. "நீதானே இதுக்கு இருக்கே?"

அவர் பதில் பேசாமல் சர்வரை அணைக்கச் சொல்லி, மல்டிமீட்டரை எடுத்தார். நடுவில் உள்ள ஒரு டி-யைக் கார்டிலிருந்து கழற்றி அளந்தார். 25 காட்டணும். 50 காட்டியது. அப்படியென்றால் ஒரு பக்கம் திறந்து கிடக்கிறது. எந்தப் பக்கம்? அங்கேயே கேபிளைப் பிரித்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்தார். ஒரு பக்கம் 50, சரி. இன்னொரு பக்கம் மீட்டரில் ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கத்தைத் திரும்பவும் பாதியாகப் பிரித்தார். ஐந்தே அளவையில் கடைசி மேசைக்கு வந்துவிட்டார். பைனரி சர்ச் என்று அதே செமஸ்டரில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். நான் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

கடைசி மேசையில் கம்ப்யூட்டரே இல்லை. கேபிளின் முனை தரையில் கிடந்தது.

அந்தக் கம்ப்யூட்டரை முந்தின நாள் பக்கத்து அறைக்குத் தூக்கிக்கொண்டு போனது நானும் என் நண்பனும். ப்ராஜெக்ட் ஒன்றைக் காட்டுவதற்கு. கழற்ற வேண்டியது கார்டுக்கும் டி-க்கும் நடுவே. அப்படிச் செய்திருந்தால் டி-யும் டெர்மினேட்டரும் கேபிளோடு இங்கேயே இருந்திருக்கும். நாங்கள் கழற்றியது டி-க்கும் கேபிளுக்கும் நடுவே. டெர்மினேட்டர் கம்ப்யூட்டரோடு போய்விட்டது.

பரீட்சை ஒன்றரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. மதியம் அண்ணாவுக்கு மெமோ கொடுத்தார்கள், கவனக்குறைவு என்று. வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையில்தான் இருந்தோம். வாயைத் திறக்கவில்லை. இன்டர்னல் மார்க் போய்விடும் என்ற பயம்.

அவருக்குத் தெரியும். ப்ராஜெக்ட் அறைக்கு வந்து அந்த டி-யை எடுத்துப்போனவரே அவர்தான். வாசலில் நின்று சொன்னது இவ்வளவுதான்: "கழட்டணும்னா கார்டுகிட்ட கழட்டு தம்பி. ஒயர்கிட்ட கழட்டாத."

நட்சத்திரம் ஏன் ஜெயித்தது

இது எங்கள் லேபின் தனிப் பிரச்சினை இல்லை. ஒரே கம்பியில் எல்லாரையும் கோத்தால் கோளாறைத் தேட ஆள் நடக்க வேண்டியிருக்கும் என்பதை எம்ஐடியில் ஜெரோம் சால்ட்ஸரும் கென்னத் போக்ரனும் 1980 வாக்கிலேயே எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரு தனிக் கம்பி ஒரு நடு அறைக்கு வரட்டும், அங்கே நின்றபடி கெட்டதைத் துண்டிக்கலாம் என்பது அவர்கள் வாதம். அவர்கள் பேசியது ஈதர்நெட்டைப் பற்றி இல்லை, ரிங் நெட்வொர்க்கைப் பற்றி. ஆனால் பாடம் ஒன்றுதான்.

1985-இல் ஜெராக்ஸிலிருந்து பிரிந்துவந்த சினாப்டிக்ஸ் நிறுவனம் அதே நட்சத்திர அமைப்பில் ஈதர்நெட்டை ஓட்டிக்காட்டியது. 1990-இல் முறுக்குக் கம்பியில் ஓடும் 10பேஸ்-டி தரமானது. வேகம் கூடவில்லை. கம்பி அதிகம் வேணும், நடுவில் ஹப் என்று ஒரு பெட்டியும் வாங்கணும். ஆனால் அந்தப் பெட்டியில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. எது எரியவில்லையோ அதுதான் கெட்டது. மற்ற பத்தொன்பது பேர் வேலையைத் தொடரலாம். டெர்மினேட்டரும் ஒழிந்துவிடவில்லை. ஒவ்வொரு கம்பியின் முனையிலும் கார்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது, யாரும் மறந்துபோகவோ தூக்கிக்கொண்டு போகவோ முடியாத இடத்தில்.

அந்தப் பச்சை விளக்கின் அருமை எனக்கு 2001-இல் இன்னும் உறைத்தது. முதல் வேலை, பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுவது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் ஓய்வு விடுதியில் அதைப் போட்டிருந்தோம். ரிசப்ஷன், உணவகம், ஸ்டோர் மூன்றையும் இணைத்தது பழைய ஆர்ஜி-58. அடிக்கடி நின்றுபோகும். "உங்க சாஃப்ட்வேர்தான் சார் தகராறு" என்று கூப்பிட்டுவிட்டார்கள். நானும் இரண்டு நாள் என் கோடையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் மல்டிமீட்டரை வாங்கிக்கொண்டு போனேன். 25-க்குப் பதில் 50, ஒயரை ஆட்டினால் மாறியது. ஸ்டோர் ஜன்னல் ஓரத்தில் இருந்த டெர்மினேட்டரின் ஊசியில் உப்புக்காற்றுப் பட்டுப் பச்சை பூத்திருந்தது. உள்ளே ரெசிஸ்டர் நல்லாத்தான் இருந்தது, தொடுகைதான் போயிருந்தது. புதுசு போட்டு, பழையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஸ்க்ரூ டப்பாவில் கிடைத்தது அதுதான்.

என்மேல் விழுந்த பழியை அண்ணாவின் மீட்டர் எடுத்துவிட்டது. அவர்மேல் விழுந்ததை எடுக்க நான் ஒன்றும் செய்யவில்லை.

மறைமலை நகரில் 60

இந்தக் கதை பழையதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். போன வருஷம் என் காரில் மீட்டர் போர்டு விளக்கெல்லாம் ஒன்றாக மின்னத் தொடங்கியது. மறைமலை நகரில் ஒரு சின்ன வொர்க்‌ஷாப்பில் விட்டேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள கனெக்டரின் 6-ஆம், 14-ஆம் பின்களில் மல்டிமீட்டரை வைத்தார் மெக்கானிக்.

"60 காட்டணும் சார். 120 காட்டுது. ஒரு பக்கம் லைன் விட்டிருக்கு."

1986-இல் பாஷ் அறிமுகப்படுத்திய கேன் பஸ் அது. காருக்குள் எல்லாப் பெட்டிகளையும் ஒரே இரட்டைக் கம்பியில் கோக்கும், இரண்டு முனையிலும் 120 ஓம். இணையாகச் சேர்ந்தால் 60. எண்தான் வேறு, கணக்கு அதேதான். ஈதர்நெட்டும்கூட காருக்காக 2019-இல் பழைய வழிக்கு ஒரு கால் வைத்திருக்கிறது. 10பேஸ்-டி1எஸ் என்ற புதுத் தரத்தில் பல பெட்டிகள் ஒரே கம்பியில் தொங்கலாம், இரு முனையிலும் டெர்மினேட்டரோடு. ஜிஎஸ்டி சாலையில் கார் பழுது பார்க்கிற பையன்களுக்கு இது சீக்கிரமே தேவைப்படலாம்.

அண்ணா ரிட்டயர்டாகி மதுராந்தகம் பக்கம் சொந்த ஊரில் இருப்பதாக ஒரு நண்பன் சொன்னான். டெர்மினேட்டரின் பச்சைக் களிம்பை எலுமிச்சை போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டேன். இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போய் அவரைப் பார்க்கணும். அந்த மெமோவில் இருந்திருக்க வேண்டியது யார் பெயர் என்பதை, அவருக்குத் தெரிந்ததுதான் என்றாலும், நேரில் நானே சொல்லணும்.